படத்துக்குப் போட்ட கண்ணாடி

சரஸ்வதி பூசைக்கு முந்தைய நாள் தமிழ் வீடுகளில் சாமி படங்கள் ஆணியிலிருந்து இறங்கும். ஈரத்துணியால் ஒருமுறையும் காய்ந்த துணியால் ஒருமுறையும் துடைத்த பிறகு, நெற்றி இருக்கும் இடம் பார்த்துச் சந்தனம் வைத்து, அதன் நடுவே குங்குமம் இடுவார்கள். படத்தின் நான்கு மூலைக்கும் பொட்டு வைக்கிறவர்களும் உண்டு. சாமிக்குப் பொட்டு வைத்தாயிற்று என்று சொன்னாலும், விரல் தொட்டது சாமியை அல்ல, கண்ணாடியைத்தான். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் தாளில் அச்சடித்த படம் இரண்டு பண்டிகைக்குத் தாங்காது. ஒரு படத்தைச் சட்டமிட்டு வாங்கி வருவதை இப்போது பிரேம் போடுவது என்கிறோம். ‘படத்துக்குக் கண்ணாடி போடுவது’ என்ற பேச்சும் இன்னும் வழக்கிலிருந்து போகவில்லை. மரச்சட்டம், பின்னட்டை, கொக்கி, கண்ணாடி நான்கும் சேர்ந்த பொருளுக்குக் கண்ணாடியின் பெயரை மட்டும் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் வரலாற்றில் அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அந்த ஓவியத்தை, மரப்பலகையில் தங்கத்தாள் ஒட்டித் தீட்டிய பலகைப் படம் வாங்க வசதியில்லாதவர்களுக்கான மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவது வழக்கம். என் வாதம் வேறு. தமிழ் வீட்டுச் சுவருக்கு அது கொண்டுவந்து சேர்த்ததில் ஓவியம் போய்விட்டது, கண்ணாடி நிலைத்துவிட்டது. அப்படி நிலைத்ததற்குக் காரணம் பின்பக்கம் தீட்டிய ஓவியரின் கை மட்டுமல்ல, முன்பக்கத்தில் பொட்டிட்ட வீட்டுக்காரரின் கையும்தான்.

முதலில் பின்பக்கம். இந்த ஓவியத்தைக் கண்ணாடியின் பின்புறம் தீட்டி முன்புறமிருந்து பார்க்க வேண்டும். அதனால் வேலையின் வரிசை முழுவதும் தலைகீழாகிவிடும். துணியிலோ பலகையிலோ தீட்டும்போது பின்னணி முதலில் வரும், பிறகு உடல், உடை, கடைசியில் நகையும் கண்ணும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு எது மிக அருகில் தெரிய வேண்டுமோ அதுதான் முதலில் விழ வேண்டும். கருவிழி முதலில், அதன் பிறகே விழியின் வெண்மை, அதற்கும் பிறகுதான் முகத்தின் நிறம். மூக்குத்திப் பொட்டை வைத்த பின்னரே மூக்கு வரும். கோட்டில் பிசகு நேர்ந்து, அதன்மேல் வண்ணமும் பூசிவிட்டால் திருத்த வழியில்லை. சுரண்டி எடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். நகைக்கும் சரிகைக்கும் உரிய இடங்களை வண்ணமின்றி விட்டு, பின்னால் ஜிகினாத் தாளோ தகடோ வைப்பார்கள். விளக்கொளியில் அது பொன்னாக மின்னும். பலகைப் படத்தில் சுண்ணமும் கோந்தும் குழைத்து மேடாக்கி, தங்கத் தாள் ஒட்டி, கல் பதித்துப் பெறும் பளபளப்பை இங்கே சமதளத்தில், சில்லறைக் காசில் பெற்றார்கள். சிலைக்கும் படத்துக்கும் கண் திறப்பதைக் கடைசிச் சடங்காக வைத்த ஒரு மரபில், கண்ணையே முதலில் எழுதும் தொழில் ஒன்று நுழைந்து யாரும் தடுக்காமல் குடியேறியது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

வரிசை மாறுவது போலவே இடமும் வலமும் மாறும். மாதிரிப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அப்படியே கோடிழுத்தால், முன்பக்கம் திருப்பிப் பார்க்கும்போது இடக்கை வலக்கையாகியிருக்கும். இயற்கைக் காட்சியில் இதனால் நட்டமில்லை. தெய்வ உருவத்தில் இது பெருங்குழப்பம். இடக்காலைத் தூக்கி ஆடும் சிதம்பரத்து நடராசரை அப்படி எடுத்தால் கிடைப்பவர், மதுரை வெள்ளியம்பலத்தில் கால்மாறி ஆடியவர். அர்த்தநாரியின் பெண்பாகம் வலப்பக்கம் போய்விடும். திருவரங்கத்துப் பெருமாளின் தலைமாடு கால்மாடு மாறும். ஆகவே மாதிரியைக் கவிழ்த்துப் போட்டு வரையும் பழக்கமும், மனத்துக்குள்ளேயே உருவத்தைத் திருப்பிப் பார்க்கும் பயிற்சியும் ஓவியருக்கு வேண்டும். மலிவுச் சரக்கு என்ற பேச்சுக்கு இதுவே போதுமான பதில். விற்ற விலை குறைவாக இருந்திருக்கலாம், செய்ய வேண்டிய வித்தை குறைவல்ல. பலகைப் படத்தில் தேர்ந்த கைக்கும் கண்ணாடி முன்னால் பழகியதையெல்லாம் மறந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்த வித்தை தஞ்சாவூரில் பிறந்ததல்ல. ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த முறை, 18-ஆம் நூற்றாண்டில் சீனத்துக் காண்டன் துறைமுகத்தில் பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஐரோப்பியக் கண்ணாடித் தகடுகள் கப்பலில் காண்டன் போய், அங்கே ஓவியம் ஏறி, மறுபடி கப்பலில் மேற்கே போயின. அந்தக் கடல்வழியில்தான் இந்தியாவும் கிடந்தது. மேற்கிந்திய அரசவைகளும் மைசூரும் சீன ஓவியரின் கண்ணாடிப் படங்களைப் பார்த்தன. கட்சுப் பகுதியின் புஜ் நகரில் ராவ் லக்பத்ஜி கட்டிய ஆயினா மகால், பேரிலேயே கண்ணாடி மாளிகை. அதை அமைத்த ராம்சிங் மாலம், கப்பல் உடைந்து டச்சுக்காரர்களால் காப்பாற்றப்பட்டு, ஹாலந்தில் கண்ணாடித் தொழிலும் எனாமல் வேலையும் கற்றுத் திரும்பியவர். இந்த வரலாற்றை நூலாகத் திரட்டித் தந்தவர்களில் முன்னோடி, சென்னையில் பிறந்த ஓவியரும் ஆய்வாளருமான ஜெயா அப்பாசாமி. இந்தியக் கண்ணாடி ஓவியம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1980-இல் வந்தது. அதன்பின் 2017-இல் அன்னா டல்லப்பிக்கோலாவின் நூல் வந்தது. தமிழில் இதற்கு இணையான கவனம் பலகைப் படத்துக்கே போய்விட்டது, தங்கம் இருக்கும் பக்கம் கண் போவது இயல்புதானே.

தஞ்சாவூரில் மராத்தியர் ஆட்சியின்போது ராஜு குடியினர் பலகைப் படம் தீட்டினார்கள். இரண்டாம் சரபோஜியின் காலம், 1798 முதல் 1832 வரை, அந்தக் கலைக்குச் செழிப்பான காலம். 1855-இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரசு தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. அரண்மனை என்ற பெரிய வாடிக்கையாளர் போனபின் ஓவியர் கடைத்தெருவை நம்ப வேண்டியதாயிற்று. இது பலரும் சொல்லும் காரணம், சரியானதும்கூட. ஆனால் இதற்குப் பத்தாண்டு முந்தைய இன்னொரு ஆண்டும் இதே அளவு முக்கியம் என்பேன். 1845-இல் பிரிட்டன் கண்ணாடி மீதிருந்த உள்நாட்டு வரியை நீக்கியது. வரி போனதும் பலகைக் கண்ணாடியின் விலை சரிந்து உற்பத்தி பெருகியது. ஆறே ஆண்டில், 1851-இல், லண்டன் பளிங்கு மாளிகைக்குச் சான்ஸ் சகோதரர்களின் ஆலை ஏறத்தாழ 3 லட்சம் தகடுகளைச் செய்து தந்ததே அந்தப் பெருக்கத்துக்கு அத்தாட்சி. அரிக்கமேட்டுக் காலத்திலிருந்து மணியும் பின்னர் வளையலும் செய்த தமிழகம் மெல்லிய பலகைக் கண்ணாடியைப் பெரிய அளவில் செய்ததில்லை. அது பிரிட்டனிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வர வேண்டியிருந்தது. 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்தது, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. வேலையிழந்த ஓவியர், விலை குறைந்த கண்ணாடி, உடையாமல் கொண்டுவர ரயில், மூன்றும் ஒரு கால் நூற்றாண்டுக்குள் கூடிவிட்டன. இன்று கைக்குக் கிடைக்கும் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களில் மிகுதியானவை 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியையும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவையாக இருப்பதற்கு அரண்மனையின் வீழ்ச்சி மட்டும் விளக்கமாகாது. வெண்ணெய்க் கிருஷ்ணன், பட்டாபிஷேக ராமன், கஜலட்சுமி, வள்ளி தெய்வானையோடு முருகன் என்று சுவரில் மாட்டும் அளவில் அவை வந்தன. பெரும்பாலானவற்றில் தீட்டியவர் பெயர் இல்லை.

இனி முன்பக்கம். கோயிலில் கல்லுக்கும் செம்புக்கும் நீராட்டலாம், எண்ணெய் சாத்தலாம், சந்தனக் காப்பிடலாம். சுதையிலும் வண்ணத்திலும் ஆன உருவத்துக்கு அது முடியாது. திருவரங்கத்து மூலவர் சுதைத் திருமேனி என்பதால் அவருக்குத் தைலக்காப்பு மட்டும் நடக்கிறது, திருமஞ்சனம் உற்சவருக்குப் போகிறது. வங்காளத்தில் துர்க்கை பூசையின் மகாஸ்நானத்தை மண்சிலைக்குச் செய்தால் கரைந்துவிடும் என்பதால், எதிரே ஒரு கண்ணாடியை வைத்து அதில் விழும் உருவத்துக்கு நீராட்டுகிறார்கள். தொட்டால் கெடும் உருவத்துக்கும் தொட்டே தீர வேண்டிய பக்திக்கும் நடுவே கண்ணாடி நிற்கும் யோசனை, ஓவியக் கண்ணாடி வருமுன்னரே சடங்கில் இருந்தது என்பதற்கு இது சான்று. தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, அப்பால் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. இராமலிங்க அடிகள் சிறுவயதில் சென்னையில் தம் அறைச் சுவரில் கண்ணாடியை நிறுத்தி விளக்கேற்றி வழிபட்டபோது அதில் தணிகை முருகனைக் கண்டார் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட பொருள், உருவத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு விலைக்கு வந்தபோது வீடு அதை எளிதாக ஏற்றுக்கொண்டது. எண்ணெய் விளக்கின் கரியும் கற்பூரப் புகையும் படிந்தால் துடைத்துவிடலாம். மாலை வாடி ஈரம் கசிந்தாலும் ஓவியத்துக்குக் கேடில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொட்டிடலாம், அடுத்த வெள்ளிக்கிழமை அதை அழித்துப் புதிதாக இடலாம். ஓவியர் பின்னால் எழுதிய நெற்றிப் பொட்டுக்கு நேர் மேலே வீட்டுப் பெண் முன்னால் எழுதுகிற பொட்டு, வாரம் தவறாமல் புதுப்பிக்கப்படுகிற இரண்டாவது ஓவியம். பழைய மரச்சட்டங்களின் உள்ளோரத்தில் குங்குமம் ஏறிச் சிவந்திருப்பது அபூர்வமல்ல.

இதற்கு உடனே வரும் மறுப்பு, பலகைப் படத்துக்கும் வழிபாடு உண்டே என்பது. உண்டு. மடங்களிலும் பஜனைக் கூடங்களிலும் பெரிய பலகைப் படங்கள் பூசை பெற்றன. ஆனால் அவற்றை எட்ட நின்று கும்பிட்டார்கள். சுண்ணப்பூச்சு ஈரத்தில் பொங்கும், தங்கத்தாள் உரிந்துவரும், துடைக்கப் போனால் வண்ணமும் கையோடு வரும். பலகைப் படங்களுக்கு முன்னால் கண்ணாடி போடும் பழக்கம் பரவியபோது அவையும் கண்ணாடியின் வழிக்கே வந்தன. இதைவிட வலிய மறுப்பு உலக வரலாற்றிலிருந்து வருகிறது. ருமேனியாவில் நிக்குலா என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் குடியானவர் வீடுகளுக்காகப் புனிதர் படங்களைக் கண்ணாடியில் தீட்டினார்கள். சாவகத்தின் சிர்போனில் அரபு எழுத்தையும் வயாங் என்ற நிழற்கூத்தின் பாத்திரங்களையும் தீட்டினார்கள். செனகலில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் இசுலாமிய அச்சுப் படங்களைத் தடுத்தபோது அதே படங்கள் கண்ணாடியில் கைவேலையாகத் திரும்பி வந்தன. அங்கெல்லாம் குங்குமமும் இல்லை சந்தனமும் இல்லை, கண்ணாடி ஓவியம் மட்டும் செழித்தது. அப்படியானால் மலிவும் பளபளப்பும்தானே காரணம்? பரவியதற்கு அவையே காரணம், அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி, பரவிய பின் நடந்ததைப் பற்றியது. ஓவியம் போன பிறகும் கண்ணாடி ஏன் தங்கியது என்பதை மலிவு விளக்காது. அச்சுத்தாள் கண்ணாடியைவிட மலிவு.

வெளிநாட்டுச் சரக்கு, வெளிநாட்டு முறை, இதில் நம்முடையது என்ன இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது என்பதற்குத் தஞ்சாவூரிலிருந்து கடல் தாண்டி ஓர் உதாரணம் காட்டலாம். அந்தமானில் போர்ட் பிளேரின் ஹேடோவில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயர் அந்தமான் பழங்குடியினருக்காக ‘இல்லம்’ ஒன்று நடத்தினார்கள். பழக்கிப் பணியவைக்கும் நோக்கத்தோடு அமைந்த அப்படிப்பட்ட இல்லங்கள் அந்த மக்களுக்கு நோயையும் சாவையுமே அதிகம் தந்தன. அதே காலத்தில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதிய அதிகாரி ஈ. எச். மான் பதிவு செய்த ஒன்று இங்கே பொருந்தும். கப்பலிலும் குடியேற்றத்திலும் கிடைத்த காலிப் புட்டிகளை அவர்கள் புட்டியாக வைத்துக்கொள்ளவில்லை. முன்பு படிகக் கல்லைச் சீவியது போலவே கண்ணாடியைச் சில்லுகளாகச் சீவி, தலை மழிக்கவும் உடலில் கீறல் குறியிடவும் பயன்படுத்தினார்கள். இந்த வேலை பெரிதும் பெண்கள் கையில் இருந்தது. வெண்களிமண் குழைத்து விருந்துக்கும் ஆட்டத்துக்கும் உடலில் கோலம் தீட்டியதும் அவர்களே. கண்ணாடி அங்கே கல்லின் இடத்துக்கு வந்து சேர்ந்தது. தஞ்சாவூரில் அது திருமேனியின் மேற்றோலாக வந்து சேர்ந்தது. ஐரோப்பிய உலையில் வார்த்தபோது இந்த இரண்டு வேலையையும் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி அச்சு. ராஜா ரவி வர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஜெர்மானியரான ஷ்லைஷரின் கைக்குப் போய், லோனாவ்லா பக்கத்து மலவ்லியிலிருந்து நாடெங்கும் லட்சுமியையும் சரஸ்வதியையும் அனுப்பியது. 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியைத் தொழில் நகரமாக்க, தீப்பெட்டி லேபிளைத் தொடர்ந்து காலண்டரும் அங்கே அச்சேறியது. ராஜு குடியில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதி, பின்னர் கோவில்பட்டியில் தங்கிய சி. கொண்டையராஜுவின் தெய்வங்கள் அந்தக் காலண்டர்களில் எண்ணற்ற வீடுகளுக்குப் போயின. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியருக்கு இதில் பிழைப்பு போனது உண்மை. ஆனால் அச்சுப் படம் சுவரேறியபோது தனியாக ஏறவில்லை. கடைக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தது. ரவி வர்மா அச்சுக்களுக்குப் பட்டுத்துணிப் புடவை வெட்டி ஒட்டி, சரிகைக் கரை வைத்து, சம்கி தைத்து, அதன்மேல் கண்ணாடி போட்ட படங்கள் செட்டிநாட்டு வீடுகளிலும் பிற இடங்களிலும் இருந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட அச்சுப் படமும் பழைய கண்ணாடி ஓவியமும் ஒரே சுவரில் சாய்ந்திருக்கும். ஜிகினாவின் இடத்தில் சம்கி, வண்ணத்தின் இடத்தில் அச்சு என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் மாறியது. கண்ணாடியும் அதன் முன்பக்க வேலையும் மாறவில்லை. கையோவியத்தை வாங்கியதில் ஓவியத்துக்காக வாங்கியது பாதி, துடைக்கவும் பொட்டிடவும் ஒரு தளம் கிடைத்ததற்காக வாங்கியது மீதி என்று நான் கருதுவது இதனால்தான். அந்த மீதிப் பாதியை அச்சால் தர முடியவில்லை, ஆகவே கண்ணாடியைக் கூடவே வாங்க வேண்டியதாயிற்று. பொட்டுக்குத் தேவையில்லாத நிலப்படத்துக்கும் தலைவர் படத்துக்கும்கூடக் கண்ணாடி போட்டோமே என்றால், தூசிக்கும் கண்ணாடி வேண்டும்தான். காந்தி படத்துக்கும் ஆயுத பூசையன்று பொட்டு வைத்த நாடு இது என்பதையும் மறக்க வேண்டாம்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பின்பக்க வேலையும் வீட்டுக்குள் வந்தது. கடையில் கண்ணாடி வண்ணமும் கறுப்புக் கோட்டுக் குழாயும் கிடைக்கத் தொடங்கியபின், ‘கிளாஸ் பெயின்டிங்’ என்ற பெயரில் கோடை விடுமுறை வகுப்புகள் நடந்தன. அச்சுப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கறுப்புக் கோடு, அது காய்ந்ததும் ஒளி புகும் வண்ணம், கடைசியில் கசக்கி விரித்த அலுமினியத் தாள், அதற்குப் பின்னால் அட்டை. சொல்லிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் தஞ்சாவூரை நினைத்தார்களோ, கோடு முதலில் ஜிகினா கடைசியில் என்ற வரிசை மட்டும் அப்படியே இருந்தது. தீபாவளிக்குச் செய்து முடித்த படத்தைத் திருப்பி மாட்டும்போது பழைய சிக்கலும் திரும்ப வரும். துதிக்கை இடப்பக்கம் வளைந்த மாதிரிப் படம் வலம்புரிப் பிள்ளையாராகிவிடும். வலம்புரிக்கு நியமம் அதிகம் என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். மாதிரியைக் கவிழ்த்துப் போட்டு இன்னொரு கண்ணாடியில் முதலிலிருந்து வரைவார்கள். முன்னது கூடத்தில் அழகுக்குத் தொங்கும், பின்னது பூசை அறைக்குப் போய்ப் பொட்டு வாங்கும்.